நேற்று எடுத்த ஜீரோ இன்றைக்கும் இருக்குமா? சிஎன்சி மில்லிங் மெஷினில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

"அண்ணே, நேத்து எடுத்த ஜீரோ அப்படியே இருக்குமா, இல்ல திரும்ப எடுக்கணுமா?" ராணிப்பேட்டை சிப்காட்டிலும் சரி, காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துச் சின்னப் பட்டறைகளிலும் சரி, புதிதாகச் சேரும் பையன்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி இது. ஜீரோ என்பது ஜாபில், அதாவது வெட்டப்போகும் துண்டில், அளவுகள் தொடங்கும் புள்ளி. "எடுத்துடு, எதுக்கு வம்பு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். பாதுகாப்பான பதில்தான், ஆனால் எல்லா நாளும் அது முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குத் தோலில் டிசைன் பதிக்கும் பித்தளை பிளாக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பால் நோஸ் கட்டரில் ஃபினிஷிங் மட்டுமே பல மணி நேரம் ஓடும், சாயந்திரம் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டியிருக்கும், அதற்குள் நீங்கள் ஜீரோ எடுத்த மேல்பரப்பையும் விளிம்பையும் கட்டரே வெட்டித் தள்ளியிருக்கும். திரும்ப எடுக்கலாம் என்றால் எதைத் தொட்டு எடுப்பது?

அதனால் மெஷின் எதைத் தானாக வைத்துக்கொள்கிறது, எதை அணைத்தவுடன் மறந்துவிடுகிறது, எதை நாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் மட்டும் வைத்துக்கொள்ளும் என்பதைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும், கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேரும் போட்ட சின்ன மில்லிங் மெஷினை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் கையில் விழுகிறது. ஜிஆர்பிஎல், ஃபானுக் என்ற வேறு இரண்டு கண்ட்ரோலர்களையும் பின்னால் பார்க்கலாம்.

முதலில் எதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும்

மெஷினை நிறுத்தும் நேரத்தில் அதனிடம் ஆறு விஷயங்கள் இருக்கின்றன. டேபிளும் ஸ்பிண்டிலும் மெஷின் ஜீரோவிலிருந்து, அதாவது மெஷினுக்கே உரிய தொடக்கப் புள்ளியிலிருந்து, எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது ஒன்று. ஜி54, ஜி55 மாதிரி ஒர்க் ஆஃப்செட்டுகள் இரண்டு. டூல் டேபிளில் உள்ள நீளமும் விட்டமும் மூன்று. இப்போது ஸ்பிண்டிலில் மாட்டியிருப்பது எந்த டூல் என்பது நான்கு. மில்லிமீட்டரா இன்ச்சா, ஜி90யா (ஜீரோவிலிருந்து அளப்பது) ஜி91ஆ (நிற்கும் இடத்திலிருந்து அளப்பது), டூல் நீளம் போட்டிருக்கிறதா இல்லையா என்பது போல, மாற்றும் வரை நீடிக்கும் மோடல் நிலைகள் ஐந்து. புரோகிராம் எந்த வரியில் நின்றது என்பது ஆறு.

இந்த ஆறும் ஒரே இடத்தில் இல்லை. புதியவர்கள் தடுமாறுவதே இங்கேதான். திரையைத் திறந்தவுடன் ஜி54 எண்கள் நேற்று இருந்த மாதிரியே தெரிகின்றன, சரி எல்லாம் இருக்கிறது என்று ஸ்டார்ட் அழுத்திவிடுகிறார்கள். ஆனால் ஜி54 என்பது மெஷின் ஜீரோவிலிருந்து ஜாப் ஜீரோ வரைக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான். எக்ஸில் மைனஸ் 142.350 என்று சேமித்திருந்தால் அந்த எண் பத்து வருஷம் ஆனாலும் மாறாது. எந்தப் புள்ளியிலிருந்து அந்தத் தூரத்தை அளக்கிறது என்பது மாறிப்போனால், அதாவது ஹோமிங் (ஆன் செய்ததும் மெஷின் ஜீரோவைத் தேடிப் பிடிப்பது) இன்றைக்கு 0.2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், எண் சரியாகவே இருக்கும், கட்டர் மட்டும் 0.2 தள்ளி வெட்டும். எந்த அலாரமும் வராது. ஆகவே இந்த விஷயத்தில் முதல் வேலை ஆஃப்செட்டைச் சேமிப்பது கிடையாது, மெஷின் ஜீரோவை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குக் கொண்டுவருவது.

ஹோமிங்கை நம்பலாமா என்று சோதிப்பது

உங்கள் மெஷினில் மூன்று அச்சுக்கும் ஹோம் ஸ்விட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ்சிஎன்சியின் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் (ஒவ்வொரு அச்சுக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்) ஹோம்_சர்ச்_வெல், ஹோம்_லாட்ச்_வெல் என்று இரண்டு வேகங்கள் இருக்கும். கோப்பில் இவை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்கும், நான் உச்சரிப்பை எழுதுகிறேன். முதலாவது ஸ்விட்சைத் தேடிப் போகும் வேகம், இரண்டாவது ஸ்விட்சைத் துல்லியமாகப் பிடிக்கும் வேகம். இரண்டாவதை மெதுவாக வையுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை.

அப்புறம் சோதனை. மேக்னட் ஸ்டாண்டில் டயலை டேபிள் மேல் நிறுத்துங்கள், ஸ்பிண்டிலில் ஒரு நேரான பின்னைப் பிடியுங்கள். ஹோம் செய்து, மெஷின் கோஆர்டினேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய், டயல் பின்னைத் தொடும்படி வைத்து டயலை ஜீரோ செய்யுங்கள். டேபிளை விலக்குங்கள். இப்போது டிரைவ் பெட்டியின் மின்சாரம் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆன் செய்து, ஹோம் செய்து, அதே இடத்துக்கு அதே திசையிலிருந்து வந்து டயலைப் பாருங்கள். இதை ஐந்தாறு முறை செய்து எண்களை எழுதுங்கள். பின்னைக் கழற்றக் கூடாது, டயலை நகர்த்தக் கூடாது. அந்த எண்களுக்குள் உள்ள அதிகபட்ச வித்தியாசம்தான் உங்கள் மெஷினின் ஞாபக சக்தி. 0.01க்குள் வந்தால் நேற்றைய ஜாபை இன்று தைரியமாகத் தொடரலாம். 0.1 வந்தால் ரஃபிங் ஓட்டலாம், ஃபினிஷிங்கைத் தொடர்ந்தால் பித்தளையில் ஒரு கோடு விழும், அந்தக் கோடு தோலிலும் பதியும்.

அணைத்துப் போடும்போது ஸ்டெப்பர் தன் இடத்திலிருந்து கொஞ்சம் குதிக்கவும் செய்யும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரண 1.8 டிகிரி ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 முழு ஸ்டெப். 5 மில்லிமீட்டர் லீட் உள்ள பால் ஸ்க்ரூவில் நேராக மாட்டியிருந்தால் ஒரு முழு ஸ்டெப் 0.025 மில்லிமீட்டர். மோட்டார் காயிலின் மின்சுழற்சி நான்கு முழு ஸ்டெப்புக்கு ஒருமுறை திரும்ப வருவது, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை. டிரைவை அணைத்துப் போடும்போது பெரும்பாலான சாதாரண டிரைவுகள் அந்தச் சுழற்சியில் ஒரு குறிப்பிட்ட நிலையிலிருந்தே தொடங்குகின்றன, ரோட்டார் பக்கத்தில் உள்ள பொருத்தமான இடத்துக்குத் துள்ளிப் போய் உட்காருகிறது. அந்தத் துள்ளல் இரண்டு முழு ஸ்டெப் வரை, அதாவது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.05 வரை இருக்கலாம். ஆன் செய்யும்போது மெஷினிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் இது. ஹோம் ஸ்விட்ச் இருந்தால் கவலை இல்லை, துள்ளிய பிறகுதானே ஹோம் செய்கிறோம். ஸ்விட்ச் இல்லாத மெஷினில்தான் இது வந்து குறுக்கே நிற்கும்.

ஸ்விட்ச் இல்லாத மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

பழைய மில்லிங் மெஷினைச் சிஎன்சியாக மாற்றிக் கட்டியவர்கள் பலர் ஸ்விட்ச் போடாமலே ஓட்டுகிறார்கள். முடிந்தால் போடுங்கள். வாங்கும் செலவும் வயர் இழுக்கும் வேலையும் ஒரு பித்தளை பிளாக் கெடுவதைவிடக் குறைவுதான். அதுவரை ஓட்ட வேண்டுமே என்றால் லினக்ஸ்சிஎன்சியில் ஒரு வழி உண்டு. ஐஎன்ஐ கோப்பின் ட்ராஜ் பகுதியில் பொசிஷன்_ஃபைல் என்று ஒரு வரியைச் சேர்த்து, பொசிஷன்.டிஎக்ஸ்டி போல ஒரு கோப்புப் பெயரைக் கொடுங்கள். மூடும்போது ஒவ்வொரு ஜாயின்ட்டும் நிற்கும் இடத்தை அந்தக் கோப்பில் எழுதி வைக்கும், திறக்கும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். அந்த வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதல் பள்ளம் ஹோம் பட்டன். தேடும் வேகமும் பிடிக்கும் வேகமும் பூஜ்யமாக உள்ள ஜாயின்ட்டில் ஹோம் அழுத்தினால், மெஷின் நகராமலே "இப்போது நிற்கும் இடம்தான் ஹோம்" என்று எடுத்துக்கொள்ளும். கோப்பிலிருந்து வந்த நேற்றைய இடம் அந்த நொடியே போய்விடும். இதைத் தவிர்க்க ஹோம்_அப்சல்யூட்_என்கோடர் என்ற அமைப்பை 2 என்று வைக்கலாம். ஹோம் அழுத்தும்போது இருக்கும் இடத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும், நகரவும் செய்யாது. ஹோம்_ஆஃப்செட்டைப் பூஜ்யமாக விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணும் சேர்ந்துகொள்ளும். நோ_ஃபோர்ஸ்_ஹோமிங் என்று வேறொரு அமைப்பும் உண்டு, ஹோமே செய்யாமல் புரோகிராமை ஓட விடும். எனக்கு அது பிடிக்காது. ஹோம் ஆகாத மெஷினுக்குத் தன் ஓட்டத்தின் எல்லை தெரியாது, டேபிள் முட்டும் வரை போகும்.

இரண்டாவது பள்ளம் கரண்ட். அந்தக் கோப்பு முறையாக மூடும்போதுதான் எழுதப்படுகிறது. ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் கோப்பில் இருப்பது முந்தைய தடவை மூடிய இடம். மறுபடி திறந்தால் மெஷின் அந்தப் பழைய இடத்தில் நிற்பதாகவே காட்டும். எண் தெளிவாக இருப்பதால் நம்பவும் தோன்றும், அதனால்தான் இது ஆபத்து. ஸ்விட்ச் இல்லாத மெஷினில் கரண்ட் போனால் அந்த எண்ணை நம்பாமல் ஜாபிலோ வைஸிலோ ஏதாவது ஒன்றைத் தொட்டு ஜீரோவைத் திரும்பப் பிடிக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

மூன்றாவது, மேலே சொன்ன துள்ளல், அதோடு இசட் அச்சு இறங்குவது. துள்ளலைத் தவிர்க்க ஒரு நல்ல பழக்கம்: காலையில் ஆன் செய்தபோது எந்த மெஷின் இடத்தில் டேபிள் நின்றதோ, சாயந்திரம் சரியாக அதே எண்ணில் கொண்டுவந்து நிறுத்தி அணையுங்கள். காயில் அதே நிலையில் இருப்பதால் மறுநாள் ஆன் செய்யும்போது ரோட்டார் போவதற்கு வேறு இடம் இருக்காது. அணைத்த பிறகு ஹேண்டிலைச் சுற்றக் கூடாது, டேபிளைத் தள்ளித் துடைக்கக் கூடாது. இசட் வேறு விஷயம். பால் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு சுழலும், மோட்டாரில் பிடிப்புப் போனதும் ஸ்பிண்டில் தலை தன் எடையில் மெல்ல இறங்கும், பிரேக் இல்லாவிட்டால் நிச்சயம் இறங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அணைப்பதற்கு முன் ஸ்பிண்டில் தலைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுப்பது நல்லது. கட்டை கொடுத்தாலும் இசட் ஜீரோவை மறுநாள் காலையில் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

ஒர்க் ஆஃப்செட் எங்கே உட்கார்ந்திருக்கிறது

லினக்ஸ்சிஎன்சியில் .வார் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும், ஐஎன்ஐ கோப்பில் பாராமீட்டர்_ஃபைல் என்ற வரியில் அதன் பெயர் தெரியும். திறந்தால் இரண்டு பத்தியாக எண்கள் மட்டும். 5221இல் தொடங்குவது ஜி54, 5221 எக்ஸ், 5222 ஒய், 5223 இசட். 5241இல் ஜி55 தொடங்குகிறது, இப்படி இருபது இருபதாகத் தாண்டி 5381இல் ஜி59.3 வரைக்கும் போகும். திரும்பிப் போவதற்காக நாம் சேமிக்கும் இடங்களில் ஜி28 5161இலிருந்து, ஜி30 5181இலிருந்து. எந்த ஆஃப்செட் கடைசியாக நடப்பில் இருந்தது என்பது 5220இல் இருக்கும், 1 என்றால் ஜி54, 2 என்றால் ஜி55. நேற்று யாராவது ஜி55இல் விட்டுவிட்டுப் போயிருந்தால் இன்றும் அதிலேயே தொடங்கலாம், அதனால் புரோகிராம் தலையில் ஜி54 என்று வெளிப்படையாக எழுதுவது அவசியம்.

5210 தொடங்கி ஜி92 இருக்கிறது, மற்ற ஆஃப்செட்டுகளின் மேல் கூடுதலாக ஏறும் தள்ளல் அது. லினக்ஸ்சிஎன்சி ஜி92ஐயும் அணைத்த பிறகு நினைவில் வைத்திருக்கும். "ஜி54 சரியா இருக்கு, ஆனா ஜாப் தள்ளி வெட்டுது" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எப்போதோ ஒருவர் எம்டிஐயில் (கட்டளையை நேரடியாக அடிக்கும் இடம்) ஜி92 அடித்திருப்பார், அது ஜி54 மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஜி92.1 அடித்தால் அழிந்துவிடும். ஜி92 தேவையே இல்லாத பட்டறை என்றால் ஐஎன்ஐ கோப்பின் ஆர்எஸ்274என்ஜிசி பகுதியில் டிசேபிள்_ஜி92_பெர்சிஸ்டென்ஸ் என்பதை 1 ஆக்கிவிடுங்கள். புதியவர்கள் பலர் ஒரே மெஷினைத் தொடும் இடத்தில் இதைச் செய்யாமல் விடவே கூடாது என்பது என் எண்ணம்.

வார் கோப்பைக் கையால் திருத்த வேண்டும் என்றால் லினக்ஸ்சிஎன்சியை மூடிவிட்டுத் திருத்துங்கள். ஓடும்போது திருத்தினால் மூடும் நேரத்தில் அது தன் எண்களை மேலே எழுதிவிடும், உங்கள் திருத்தம் காணாமல் போகும். கரண்ட் போகும் நேரத்துக்கும் இது பொருந்தும்: பத்து நிமிடம் முன்பு எடுத்த ஜீரோ கோப்பில் ஏறியிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

எந்த டூல் மாட்டியிருக்கிறது

டூல் நீளங்கள் டூல் டேபிள் கோப்பில் இருக்கும், அவை போகாது. ஆனால் கையால் டூல் மாற்றும் மெஷினில், திரும்பத் திறந்ததும் ஸ்பிண்டிலில் டூல் எதுவும் இல்லை என்றே லினக்ஸ்சிஎன்சி நினைக்கும், நேற்று மாட்டிய 6 மில்லிமீட்டர் எண்ட்மில் உங்கள் கண் முன்னால் ஸ்பிண்டிலில் இருந்தாலும். டூல் நீள ஆஃப்செட்டும் நடப்பில் இருக்காது. இந்த நிலையில், டூல் நீளத்தை நடப்புக்குக் கொண்டுவரும் ஜி43ஐ அடிக்காமல் இசட்டை இறக்கினால், டூலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு கீழே போய் ஜாபிலோ வைஸிலோ குத்தும். உடைவது கட்டர் மட்டும் என்றால் அது நல்ல நாள்.

செய்ய வேண்டியது சுலபம். கலெட்டில் இருப்பது டூல் 3 என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, எம்டிஐயில் எம்61 க்யூ3 என்று அடியுங்கள். டூல் மாற்றும் நடவடிக்கை எதுவும் இல்லாமல் "இப்போது இருப்பது மூன்று" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிற கட்டளை அது. பிறகு ஜி43. திரையில் இசட் எண் மாறுவதைப் பாருங்கள், மாறவில்லை என்றால் டூல் டேபிளில் நீளமே இல்லை என்று பொருள்.

இதை மெஷினே நினைவில் வைக்கும்படி செய்யவும் முடியும். லினக்ஸ்சிஎன்சியில் #31 முதல் #5000 வரை உள்ள எண்கள் நம் உபயோகத்துக்கு. அவற்றில் எதை வார் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறோமோ அது மட்டும் அணைத்த பிறகும் நிலைக்கும். மூடிவிட்டு, கோப்பில் எண் வரிசை கெடாமல் சரியான இடத்தில் 3100 0 என்று ஒரு வரி சேருங்கள், வரிசை தவறினால் திறக்கும்போதே பிழை காட்டும். டூல் மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் எம்6க்கு அடுத்து #3100 = 3 என்பது போல அந்த டூலின் எண்ணை எழுதுங்கள். மறுநாள் எம்61 க்யூ#3100 என்று அடித்தால் நேற்றைய எண் வந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் தானாக ஓடும்படி வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு யாராவது கலெட்டைக் கழற்றி வேறு டூல் மாட்டியிருந்தால் மெஷினுக்கு அது தெரியாது. ஒரு பட்டனில் வைத்து, கண்ணால் பார்த்த பிறகு நீங்களே அழுத்துங்கள்.

மோடல் நிலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஎன்ஐ கோப்பில் ஸ்டார்ட்அப்_கோட் என்று முடியும் வரியில் ஜி21, ஜி90, ஜி17, ஜி40, ஜி49, ஜி80, ஜி94 போட்டு வைக்கலாம், ஆனாலும் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் அவற்றைத் திரும்ப எழுதுங்கள். முந்தைய ஜாப் எதையாவது மாற்றி வைத்திருக்கும்.

கரண்டும் வெயிலும்

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், அன்று நீளமான ஃபினிஷிங்கை வைக்காமல் தப்பித்துவிடலாம். தெரியாமல் போவது கோடைமழைக்கு முன் அடிக்கும் காற்றில். கம்ப்யூட்டருக்கும் கண்ட்ரோல் போர்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் போதும், ஸ்பிண்டிலுக்கும் டிரைவுக்கும் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிரைவுக்குக் கரண்ட் போய், கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடினால், மோட்டார் நின்றது தெரியாமல் சாஃப்ட்வேர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். மெயின் லைனில் ஒரு ரிலே போட்டு, அதன் காண்டாக்டை எமர்ஜென்சி ஸ்டாப் இன்புட்டில் சேர்த்துவிடுங்கள். லைன் போன உடனே சாஃப்ட்வேரும் நிற்கும், யுபிஎஸ் தரும் சில நிமிடங்களில் நின்ற வரி எண்ணையும் ஜி54 எண்களையும் எழுதிக்கொண்டு முறையாக மூடலாம். கரண்ட் வந்த பிறகு எதற்கும் முன் ஹோம்.

வெயில் பற்றி யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும், தகரக் கூரைக்குக் கீழே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.0115 மில்லிமீட்டர் நீளும். 300 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் 0.035 போய்விடும். பித்தளை அதைவிட அதிகமாக நீளும். மதியம் மூன்று மணிக்கு எடுத்த ஜீரோவை மறுநாள் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் வித்தியாசம் இருப்பது ஸ்விட்சின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. பாதியில் நிறுத்திய ஃபினிஷிங்கைத் தொடரும் முன் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் கொஞ்ச நேரம் காலியாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

நிறுத்திய வரியிலிருந்து தொடங்குவது

லினக்ஸ்சிஎன்சியின் ஆக்ஸிஸ் திரையில் ஒரு வரியைத் தேர்ந்து அங்கிருந்து ஓட்டும் வசதி இருக்கிறது. அது அந்த வரிக்கு முன்பு டூல் எங்கே நின்றிருக்க வேண்டுமோ அந்த இடத்துக்கு முதலில் நகரும், பிறகு ஓடும். நகரும் வழியில் ஜாப் இருந்தால் அதற்குள்ளேயே போகும். புரோகிராமில் சப்ரூட்டீன் இருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள். எனக்கு நம்பிக்கை உள்ள முறை வேறு: புரோகிராமின் நகல் ஒன்றை எடுத்து, தலையில் உள்ள ஜி21 ஜி90 ஜி54, டூல், ஜி43, ஸ்பிண்டில் வேகம், ஃபீட் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ஏற்கெனவே வெட்டிய வரிகளை அழித்துவிட்டு, முதலில் இசட்டைப் பாதுகாப்பான உயரத்துக்கு ஏற்றி, பிறகு எக்ஸ் ஒய், அப்புறம் இறக்கம் என்று கையால் எழுதுங்கள். கொஞ்சம் முன்னாலிருந்தே, அதாவது ஏற்கெனவே வெட்டிய இடத்திலிருந்தே தொடங்குங்கள். முதல் ஓட்டம் காற்றில் போனால் ஜீரோ சரியாக இருக்கிறது, சிப்ஸ் பறந்தால் உடனே நிறுத்துங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, வெட்டுப்படாத ஒரு அடையாளம். பாதியில் நிற்கப்போகும் ஜாப் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே வைஸின் நிலையான ஜாவிலோ டேபிளில் கட்டிய ஒரு பிளாக்கிலோ எட்ஜ் ஃபைண்டரால் எக்ஸ், ஒய் தொட்டு, இசட்டையும் ஒரு கேஜ் பிளாக்கின் மேல் தொட்டு, அந்த எண்களை ஜி54 கணக்கில் எழுதி வையுங்கள். மறுநாள் அதே மூன்று இடத்தைத் தொட்டால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நேரடியாகத் தெரியும், அந்த அளவுக்கு ஜி54ஐத் திருத்தினால் முடிந்தது. ஸ்விட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தக் கண்ட்ரோலரானாலும் இது வேலை செய்யும்.

ஜிஆர்பிஎல், ஃபானுக்

ஜிஆர்பிஎல் போர்டில் ஜி54 முதல் ஜி59 வரையும், ஜி28, ஜி30 இடங்களும் போர்டின் ஈப்ரம் நினைவகத்திலேயே எழுதப்படும், கரண்ட் போனாலும் இருக்கும். ஜி92வும் ஜி43.1இல் கொடுத்த டூல் நீளமும் ரீசெட் ஆனாலே போய்விடும். டாலர் குறியோடு # அடித்தால் இப்போதுள்ள ஆஃப்செட்டுகள் எல்லாம் வரிசையாக வரும். இருக்கும் இடத்தை அது நினைவில் வைப்பதே இல்லை, அதனால் ஹோமிங் ஆன் செய்திருந்தால் எழுந்தவுடன் அலாரத்தில் நிற்கும், டாலர் ஹெச் அடித்து ஹோம் செய்ய வேண்டும். டாலர் எக்ஸ் அடித்தும் திறக்கலாம்தான், ஆனால் அப்படித் திறந்தால் ஜி54க்கு அர்த்தம் இல்லை.

சிப்காட்டில் ஃபானுக் போட்ட விஎம்சியில் (ஸ்பிண்டில் செங்குத்தாக உள்ள பெரிய மில்லிங் மெஷின்) வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கவலை வேறு. அப்சல்யூட் என்கோடர் உள்ள மெஷின் ஹோம் செய்யாமலே தன் இடத்தைச் சொல்லும், அதைத் தாங்கிப் பிடிப்பது பேட்டரி. கண்ட்ரோலின் நினைவகத்துக்கு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று, என்கோடருக்கு 6 வோல்ட் பேட்டரி தனியாக. 307 என்ற அலாரமோ பேட்டரிக் குறி மினுக்குவதோ வந்தால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். என்கோடர் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போது, எமர்ஜென்சி அழுத்திவிட்டு மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் இடம் அழிந்து 300 அலாரம் வரும், ஜீரோவைத் திரும்ப அமைக்க மெயின்டனன்ஸ் ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் மெஷினை அணைத்து வைக்கும்போதுதான் அந்த பேட்டரி தீரும், அப்படிப்பட்ட காலத்தில் அவ்வப்போது ஆன் செய்து அதன் நிலையைப் பாருங்கள். மேக்ரோ எழுதுபவர்கள் கவனிக்க: #100 முதல் #199 வரை கரண்ட் அணைந்தால் காலியாகும், #500க்கு மேல் உள்ளவை இருக்கும். நாளைக்கு வேண்டிய எண்ணை #100இல் போடாதீர்கள்.

சாயந்திரம் அணைக்கும் வரிசை இது. ஸ்பிண்டிலை நிறுத்தி, இசட்டை ஏற்றி, எக்ஸ் ஒய்யை நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜி54 எக்ஸ், ஒய், இசட், டூல் எண், புரோகிராம் பெயர், நின்ற வரி, மூன்று அடையாள எண்கள், இவற்றை நோட்டில் எழுதுங்கள். கட்டை முட்டுக் கொடுத்து, சாஃப்ட்வேரை மூடி, அது முழுதாக மூடிய பிறகு டிரைவை அணையுங்கள். காலையில்: கட்டையை எடுக்கும் முன் டிரைவை ஆன் செய்து மோட்டார் பிடித்ததும் எடுங்கள், ஹோம், நோட்டோடு ஜி54ஐ ஒப்பிடுங்கள், டூலைக் கண்ணால் பாருங்கள், எம்61, ஜி43, அடையாளத்தைத் தொடுங்கள், பிறகு காற்றில் ஒரு ஓட்டம்.

வாரம் ஒருமுறை, ஐஎன்ஐ கோப்பு, வார் கோப்பு, டூல் டேபிள் மூன்றும் இருக்கும் கான்ஃபிக்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் தேதி போட்டு நகல் எடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள், பெரிய ஜாப் ஒன்றைக் கட்டி ஜீரோ எடுத்த அன்றைக்கே எடுங்கள். பென்டிரைவை மெஷின் பெட்டிக்குள் வைக்காமல் வீட்டுக்கோ ஆபீஸ் மேஜைக்கோ கொண்டுபோய் வையுங்கள்.